தெருவைக் கேட்டேன், ஆளைக் கேட்கவில்லை

என் அக்காள் கணவர் திருடவில்லை. அது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்திருந்தும், ‘நான்தான் எடுத்தேன்’ என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தவன் நான்.

போதுமா? இதோ, சொல்லிவிட்டேன்! ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய சங்கதியைத்தான் இத்தனை காலமாக நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை... குறையக் கூடாது என்றும் தோன்றுகிறது.

உங்களிடம் ஏன் சொல்கிறேன் தெரியுமா? நீங்கள் யாரோ. என் முகம் உங்களுக்குத் தெரியாது. இதைக் கேட்க வேண்டியவர்கள் இருவர், கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் வாய் திறக்கத் துணியாத கோழை, உங்கள் முன்னால் வீரனைப் போல மார்தட்டிக்கொண்டு நிற்கிறேன். அதையும் என் குற்றத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் தயாளன். எனக்கு மாமா. டிரெய்லர் ஓட்டுநர். துறைமுகத்துக்கும் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து கண்டெய்னர் யார்டுகளுக்கும் இடையில் ஓட்டுவார். ஓட்டுவார் என்பது மரியாதைக்கு; ஓட்டியதைவிட வரிசையில் நின்றதுதான் அதிகம். நிற்கிற இடத்திலேயே சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, கருவாட்டுக் குழம்பைக் கொதிக்கவிட்டு, முன் வண்டிக்காரனையும் பின் வண்டிக்காரனையும் கூப்பிட்டுச் சோறு போடுவார். மொழி தெரியாத வடக்கத்தி ஓட்டுநர்கள்கூட அவரை ‘மாமா’ என்றுதான் அழைத்தார்கள்.

நான் புளியந்தோப்பு குடியிருப்பில் வளர்ந்தவன். படிப்பு முடிந்து முதன்முதலாக ஒரு நேர்காணலுக்குப் போனபோது, எதிரே உட்கார்ந்திருந்தவர் என் மதிப்பெண்களைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு முகவரியைப் பார்த்தார். “ஓ, அந்தப் பக்கமா?” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளில் உயிர் இல்லை. வீட்டுக்கு வந்து மூலையில் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

மாமா வந்து என் முதுகில் ஒரு அடி போட்டார். “இன்னா மச்சான், இதுக்கா பேஜாராய்க்கினு படுத்துகினு கீற? தெருவ பாத்துட்டு ஆள முடிவு பண்றவன் கையில இன்னா வேலை உனக்கு? ஏந்துரு, பரோட்டா துன்னுட்டு வரலாம்.”

தெருவைப் பார்த்து ஆளை முடிவு செய்கிறவன்... இந்தச் சொற்களை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். அதனால்தான் இவ்வளவும்.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது. யார்டுகளின் வாசலில் வைக்கிற ஒரு கருவியைச் செய்யும் சின்ன நிறுவனம். டிரெய்லரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பட்டையில் ஒரு நீளமான எண் இருக்கும். வண்டி வாசலுக்கு வந்ததும் எங்கள் கருவி அதைப் படிக்கும். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால் அந்த வண்டி தடைப்பட்டியலில் இருக்கிறது என்று பொருள். எங்கோ கண்டெய்னர் பூட்டின் சீல் உடைந்தது, சரக்குக் குறைந்தது, இப்படி ஏதாவது ஒன்று. எல்லா யார்டுகளும் தருகிற தடைகள் ஒரு பெரிய கணினியில் சேர்ந்து, அங்கிருந்து ஒவ்வொரு வாசலுக்கும் வந்துவிடும். காவலாளிக்கு விளக்கு மட்டும்தான் தெரியும். பட்டியலை அவர் கண்ணால் பார்த்ததே கிடையாது.

கருவியை முதலில் எந்த வாசலில் வைத்துப் பார்ப்பது என்று அலுவலகத்தில் விழித்துக்கொண்டிருந்தபோது, தாம் போய்வருகிற யார்டின் மேனேஜரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் மாமாதான். கருவியை மாட்டிய அன்று வரிசையில் நின்றவர்களிடமெல்லாம், “எங்க மச்சான் செஞ்ச மிஷினுப்பா! என் கையால தூக்கி வளத்த புள்ள!” என்று பீற்றிக்கொண்டார். அவர் என்னைத் தூக்கி வளர்க்கவில்லை. அக்காவைக் கட்டும்போதே எனக்கு மீசை முளைத்திருந்தது. ஆனாலும் எனக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது.

அந்த மிஷினுக்குள் நான் செய்ததை இப்போது சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், கணிப்பொறிப் பாடம் நடத்தப்போவதில்லை.

எந்தக் கணினியை எடுத்தாலும் அதன் அடியாழத்தில் கர்னல் என்று ஒன்று இருக்கும். நீங்கள் பார்க்கிற எதுவும் அது இல்லை. நீங்கள் பார்க்கிற எல்லாவற்றையும் தாங்குவது அது. உங்கள் கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. அந்தக் கர்னலுக்கு ஓயாமல் ஒரே வேலை: தேடுவது. கோடிக்கணக்கான பொருட்களில் ஒன்றை, கண் இமைப்பதற்குள் தேடி எடுக்க வேண்டும். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் விடிந்துவிடும். அதற்காகவே ஹாஷ் என்ற சில கணக்குகளைத் தயாராக உள்ளே வைத்திருக்கிறார்கள். பொதுப் பயனுக்கானவை. கோப்பின் பெயரைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், வெறும் எண்ணைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. கொடுத்த எண்ணை, பொன் விகிதத்திலிருந்து பிறந்த ஒரு பெரிய எண்ணால் பெருக்கும். வருகிற விடையில் தலைப்பக்கத்து இலக்கங்களை மட்டும் நறுக்கி எடுத்துக்கொள்ளும். நீளமான எண் குட்டி எண்ணாகிவிடும். அந்தக் குட்டி எண் ஒரு தெரு மாதிரி. ‘நீ தேடுகிற ஆள் இருந்தால் இந்தத் தெருவில்தான் இருப்பான்’ என்று அது சொல்லும். அவ்வளவுதான் அது சொல்லும்! ஒரே தெருவில் நாலு பேர் குடியிருக்கலாம். வீட்டைத் தட்டி, ‘உன் முழு எண் என்ன?’ என்று கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நிரல் எழுதுகிறவனின் வேலை.

இது எனக்குத் தெரியாதா? இந்தத் தொழிலில் காலெடுத்து வைக்கிற முதல் மாதமே தெரிந்துவிடும். இரண்டு வெவ்வேறு எண்கள் ஒரே குட்டி எண்ணுக்குள் வந்து விழுவதை மோதல் என்போம். சாலையில் இரண்டு வண்டி மோதினால் ஊரே கூடும். இந்த மோதலில் சத்தமே வராது.

எங்கள் கருவியில் நினைவகம் மிகக் குறைவு. தடைப்பட்டியலோ பெருத்துக்கொண்டே போனது. முழு எண்களை உள்ளே வைக்க இடமில்லை. நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். குட்டி எண்களை மட்டும் கர்னலுக்குள் வைத்தேன். குட்டி எண் பொருந்தினால், உடனே பெரிய கணினியிடம் முழு எண்ணைக் கேட்டு ஒப்பிட வேண்டும். அது முறை. அந்தக் கேள்விக்குப் பதில் வரச் சிறிது நேரம் பிடித்தது... நான் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டேன்! ‘இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று நிரலில் ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்தேன்.

இரண்டு வண்டிகள் ஒரே எண்ணில் வந்து விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? அபூர்வம், வருமா என்ன, என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அலுவலகத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். “எவ்வளவு சின்னதாக்கிவிட்டாய்!” என்றார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது. உண்மையைச் சொன்னால், நினைவகம் குறைவு என்பதெல்லாம் சாக்கு. கெட்டிக்காரன் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டேன்.

மழை விட்டு வெயிலடித்த ஒரு காலைப்பொழுதில், அந்த யார்டு வாசலில் மாமாவின் டிரெய்லருக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது.

மேனேஜர் கூப்பிட்டு நான் போனபோது அவர் வண்டியிலிருந்து இறங்கி, கருவிக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஆம், சிரித்துக்கொண்டிருந்தார்! “இன்னா மச்சான், உன் மிஷினு என்னையே கலாய்க்குது? மாமன்னு சொல்லி வைக்கிலியா?” பின்னால் நின்ற ஓட்டுநர்களும் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. “சீல் உடைச்ச கேஸுன்னு காட்டுதுப்பா. சரியான்னு பாத்துச் சொல்லு,” என்றார்.

மடிக்கணினியை இணைத்துப் பார்த்தேன். தடைப்பட்டியலில் மாமாவின் எண் இல்லவே இல்லை. வேறு ஏதோ ஒரு ஊர் வண்டி, முன்பின் தெரியாத எண். இரண்டையும் அந்தக் கணக்கில் போட்டேன். இரண்டும் ஒரே குட்டி எண்ணில் வந்து நின்றன. ஒரே தெரு. ஆள் வேறு.

“என்னப்பா, சரியா?”

அந்த வாரம்தான் மற்ற யார்டுகளுக்கும் எங்கள் கருவியை வாங்குவது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ‘தவறு என்னுடையது’ என்று அங்கே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்கும். கெட்டிக்காரன் என்ற பெயர் போயிருக்கும். வேறென்ன போயிருக்கும்? ஒன்றுமில்லை... ஒன்றுமே இல்லை!

“சரியாத்தான் சார் இருக்கு,” என்றேன்.

மாமாவின் சிரிப்பு நிற்கச் சிறிது நேரமாயிற்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. கருவியைத்தான் பார்த்தார். என்னைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்று மதியமே அலுவலகத்தில் உட்கார்ந்து, நான் எடுத்திருந்த அந்தக் கேள்வியைத் திரும்ப எழுதிச் சேர்த்தேன். ‘உன் முழு எண் என்ன?’ சில வரிகள்தான். டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. எல்லா வாசல்களுக்கும் சத்தமில்லாமல் அனுப்பினேன். நாளைக்கு மாமா வண்டியைக் கொண்டுபோனால் பச்சை எரியும், ஏதோ கோளாறு என்று மறந்துவிடுவார்கள் என்று நம்பினேன். என்ன புத்தி பாருங்கள்!

மறுநாளும் சிவப்பே எரிந்தது. என் சொல்லை நம்பிய மேனேஜர், தம் யார்டின் சார்பிலும் மாமாவின் வண்டி எண்ணைத் தம் கையாலேயே தடைப்பட்டியலில் ஏற்றியிருந்தார். இப்போது மிஷின் முழு எண்ணைக் கேட்டது, ஒப்பிட்டது, முறைப்படி சிவப்பு விளக்கைப் போட்டது. இப்போது அது பொய் சொல்லவில்லை.

மாமாவின் முதலாளி தெற்கத்திக்காரர். திருவொற்றியூரில் மளிகை மொத்த வியாபாரமும் சில டிரெய்லர்களும் வைத்திருந்தார். நல்ல மனிதர். முந்தைய மழைக்காலத்தில் முந்திரிப் பருப்பு ஏற்றிய ஒரு நடையில் சில மூட்டைகள் குறைந்திருந்தன. யார் எடுத்தது என்று தெரியாமலே போன விஷயம். சீல் உடைந்த வண்டி என்று யார்டிலிருந்து செய்தி வந்ததும், அவர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். முடிச்சுப் போடாமல் என்ன செய்வார்? நானே இருந்தாலும் போட்டிருப்பேன்.

“என்கிட்ட பல வருசமா வண்டி ஓட்டுதான். எனக்கு மனசு கேக்கல,” என்றார். “எல்லையம்மன் கோயில்ல வந்து சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க. நான் நம்பிக்கிடுதேன்.”

அந்தக் கோயில் யார்டு திரும்பும் முனையில் இருக்கிறது. புது டயர் மாட்டினாலும் ஓட்டுநர்கள் அங்கேதான் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். மாமா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். அக்காவும் வந்திருந்தாள். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். பூசாரி தரையில் சூடத்தைக் கொளுத்தினார். மாமா வலது உள்ளங்கையை ஓங்கி அதன் மேல் அடித்தார். “தாயே, நான் எடுக்கல. எடுத்திருந்தா என் குடும்பம் விளங்காம போவட்டும்!” கையை எடுத்தபோது உள்ளங்கை கரியாகிச் சிவந்திருந்தது. அக்கா அந்தக் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டார். “தம்பி, நீங்க படிச்சவுக. அந்த மிஷின் தப்பாச் சொல்லுமா? சொல்லும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே சாவியக் குடுத்திருதேன்.”

இப்படியும் ஒரு வாய்ப்பு ஒருவனுக்குக் கிடைக்குமா? கடவுளே இறங்கிவந்து கேட்பதுபோலக் கேட்டார்! ‘சொல்லும்’ என்ற ஒரே ஒரு சொல்லைத்தான் அவர் கேட்டார். மிஷின் ஏன் தவறியது என்றுகூட அவர் கேட்டிருக்க மாட்டார்.

நான் சொன்னேன்: “மிஷினுக்கு ஆள் தெரியாது சார். நம்பர் மட்டும்தான் தெரியும். அது தப்பாச் சொல்லாது.”

முதலாளி தரையில் இருந்த கரியை ஒருமுறை பார்த்தார். சாவியைத் தரவில்லை. வேறு எந்த டிரெய்லர்காரரும் மாமாவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வாசலுக்கு வாசல் செய்தி போய்விடுகிறதே... என் மிஷின் அதற்காகத்தானே செய்யப்பட்டது!

மாமா வீட்டோடு இருந்தார். பகலில் வீட்டில் இருந்து பழக்கமில்லாத மனிதர். எந்நேரமும் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு சாலையில் போகிற டிரெய்லர்களைப் பார்ப்பார். வண்டியின் சத்தத்தைக் கேட்டே, “இவன் கிளட்ச்ச சாவடிக்கிறான்,” என்று தமக்குள் சொல்லிக்கொள்வார். அக்கா மட்டும் அசையவே இல்லை. “எம் புருசன் சூடம் அணைச்சவரு. எவன் இன்னா சொன்னா எனக்கின்னா?” என்று தெருவில் எவர் கேட்டாலும் வெடுக்கென்று பதில் சொல்வாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் இருவரும் நின்றிருந்தார்கள்.

அதையும் நான்தான் பிடுங்கினேன்.

யார்டு மேனேஜர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “உங்க மாமாவை நேர்ல வந்து ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கச் சொல்லுப்பா. நம்பரை எடுத்துடறேன். முதலாளியும் சேத்துக்குவாரு.” எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. என் மீது ஒரு சுண்டுவிரல்கூட நீளாமல் எல்லாம் சரியாகிவிடும்! அன்றே திருவொற்றியூரில் இருந்த அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மாமா படிக்கட்டில்தான் இருந்தார்.

“ஒத்துக்கோ மாமா. ஒரு வார்த்தைதானே?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எடுக்காததயா?”

“குழந்தை வேற வரப் போவுது. எத்தினி நாளைக்கு இப்படியே குந்திகினு இருப்ப?”

மாமா தம் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். “சூடம் அணைச்சனேடா மச்சான்...”

“நீ எடுக்கலன்னு சாமிக்குத் தெரியும்ல? அப்புறம் இன்னா?” என்றேன். எவ்வளவு சுலபமாக என் வாயில் வந்தது! எனக்கு அது ஒரு துண்டுச் சூடம். கர்னலும் கணக்கும் படித்தவன் அல்லவா நான்!

“நீ படிச்சவன். நீயே சொல்றியா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

யார்டில் முதலாளியையும் மேனேஜரையும் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் பார்க்க, மாமா கைகூப்பினார். “நான்தான் எடுத்தேன். மன்னிச்சுக்கோங்க.” யாருக்காகச் சோறு பொங்கிப் போட்டாரோ, அவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

முதலாளியின் முகம் மாறியது. கோபம்கூட இல்லை அதில், அருவருப்பு. “மூட்டைய எடுத்தது போட்டும்டே. வயித்துப்பாடுன்னு விட்டிருவேன்,” என்றார். “ஆத்தா முன்னால சூடத்த அணைச்சியே... அது பொய்யா? பொய்ச் சத்தியம் பண்ணவன வண்டியில ஏத்தினா என் வண்டி போய்ச் சேருமா?” என்று திரும்பி நடந்துவிட்டார்.

மாமா கூப்பிய கையை இறக்கவே இல்லை. நான்தான் போய் இறக்கிவிட்டேன்.

நினைத்துப் பாருங்கள்! அவர் செய்த சத்தியம் உண்மை. உச்சி முதல் உள்ளங்கை வரை உண்மை. அதை ஊரறியப் பொய்யாக்கியது நான் சொல்லிக்கொடுத்த ஒரு வார்த்தை. ஒப்புக்கொள்ள வேண்டியவன் பக்கத்தில் நிற்க, ஒன்றும் செய்யாதவர் எனக்காக ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் என்னுடையது. அதைத்தான் இப்போது, யாருக்கும் பயன்படாத காலத்தில், உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் வீடு திரும்புவதற்கு முன்பே செய்தி அக்காவிடம் போய்விட்டது. அவள் கத்தவில்லை. “எடுத்தியா?” என்று மட்டும் கேட்டாள். மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஒருமுறை ஒப்புக்கொண்டதை மனைவியிடம் மட்டும் எப்படி மறுப்பது என்று தெரியாமல் அவர் பேசாமல் நின்றார். அவள் பதிலை எடுத்துக்கொண்டாள்.

அந்தக் குழந்தை தங்கவில்லை. வயிறு வெளியே தெரிய ஆரம்பித்த நேரம். இப்படி ஆவது உண்டு, யார் மீதும் குற்றமில்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்டுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்: “அம்மன் முன்னாடி பொய் சத்தியம் பண்ணா சும்மா வுடுவாளா? வூட்ல ஒண்ண எடுத்துகினுதான் போவா.”

மாமா வாசலில் நின்று அதைக் கேட்டார். அவர் பக்கத்தில் நானும் நின்றேன். ‘அக்கா, அந்தச் சத்தியம் பொய்யில்லை’ என்று உள்ளே போய்ச் சொல்ல நாலே எட்டு. கால் வரவில்லை... கால் என்ன செய்யும், பாவம். மனம் வரவில்லை.

இப்போது மாமா காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறார். ஸ்டீயரிங் பிடித்த கை, இப்போது எப்போதும் சில்லிட்டுச் சுருங்கியிருக்கிறது. அக்கா அவருக்குச் சோறு போடுகிறாள், துணி துவைத்துப் போடுகிறாள். சண்டை கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது.

சொல்லிவிடுவது என்று முடிவுகட்டி ஒருநாள் மீன்பிடித் துறைமுகத்து டீக்கடைக்குப் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன்... பாருங்கள், எனக்கு எவ்வளவு சுலபமாகச் சத்தியம் வருகிறது! மாமா எனக்கும் சேர்த்து டீ சொன்னார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவரே பேச ஆரம்பித்தார்.

“ஊரே என்னிய திருடன்னுச்சு மச்சான். உங்கக்காவும் நம்பிட்டா. நீ ஒருத்தன்தான் ஒரு நாளும் அந்த வார்த்தைய சொன்னதில்ல.” டீயை ஆற்றினார். “இப்பல்லாம் எனக்கே டவுட்டா கீதுடா. குடிச்சிட்டு கிடிச்சிட்டு எடுத்துட்டனோ, மறந்துட்டனோன்னு. மிஷினு சரியாத்தான் கீதுன்னு நீயே பாத்து சொன்ன. சாமியும் புள்ளைய எடுத்துகினா. அப்ப நான் எடுத்துதான இருக்கணும்?”

“நீ எடுக்கல மாமா,” என்றேன்.

“உனக்கெப்படி தெரியும்?” என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை. ஆசையாகக் கேட்டார். யாராவது எப்படியாவது அதைத் தமக்கு நிரூபித்துவிட மாட்டார்களா என்ற ஏக்கத்தோடு கேட்டார்.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

என் மிஷின் இன்று எத்தனையோ வாசல்களில் இருக்கிறது. எனக்குப் பதவி உயர்ந்தது. அந்தக் கேள்வி ஒவ்வொரு வாசலிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. சந்தேகம் வந்தால் முழு எண்ணைக் கேட்காமல் அது எந்த வண்டியையும் நிறுத்துவதில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நானே பாடம் நடத்துகிறேன்: ஹாஷ் தெருவைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது, இறங்கிப் போய்க் கேளுங்கள் என்று. அவர்கள் கவனமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். என்னை நல்ல ஆசான் என்கிறார்கள். தூ!

ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் வேலைக்குப் பயந்தேன். இப்போது அதுகூட இல்லை. சொன்னால் மாமாவுக்கு அவருடைய சத்தியம் திரும்பக் கிடைக்கும். அக்காவுக்கு? இத்தனை காலம் ஒன்றும் செய்யாத மனிதரைத் தள்ளி வைத்தோம் என்பது கிடைக்கும். அதை அவள் தாங்குவாளா? இப்படி ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். நல்ல நியாயம்தான். என்னைக் காப்பாற்றுகிற நியாயங்களைக் கண்டுபிடிப்பதில் நான் எப்போதுமே கெட்டிக்காரன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டாள். பூஜை மாடத்தில் மணியை எடுத்ததுதான் தாமதம், தரையில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிக் கீழே போய்விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தானாம்.

அக்கா சூடத்தட்டை என் முன்னால் நீட்டினாள். “மாமா?” என்றேன்.

“அவரு எடுக்கமாட்டாரு. நீ எடுத்துக்கோடா.”

எரிகிற சூடத்தின் மேல் கையைக் காட்டிக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். என் கை நடுங்கவில்லை. அக்கா என் நெற்றியில் திருநீறு வைத்து, கண்ணில் விழாமல் ஊதிவிட்டாள்.

சூடம் எரிந்து தானாக அணைந்தது. தட்டை அவள் உள்ளே கொண்டுபோன பிறகுதான் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா ஏறி வந்தார். என் நெற்றியைப் பார்த்தார்.

“இன்னா மச்சான், துன்னுட்டியா?” என்றார். “வா, குந்து. ஒண்ணா துன்னலாம்.”